ஆறியது அகன்றதாகுமா?

மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றத் தெரிந்தவர்கள் எடுத்தவுடனே பழைய ஆயிலைத் திறந்துவிட மாட்டார்கள். வண்டியைக் கிளப்பித் தெருக்கோடி வரைக்கும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார்கள். பிறகு நிறுத்தி, நாலைந்து நிமிஷம் பொறுத்து, எஞ்சினுக்கு அடியிலுள்ள திருகைக் கழற்றுவார்கள். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டானாலும், நேற்று வாங்கிய வண்டியானாலும் முறை ஒன்றுதான். பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். வடித்துவிடப் போகிற எண்ணெயைச் சூடாக்குவானேன்?

காரணம் இருக்கிறது. எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெய், உறுப்புகள் உராயாமல் காப்பதோடு நிற்பதில்லை. உள்ளே உண்டாகும் கரியையும், இரும்பு தேய்ந்து உதிரும் பொடியையும் தன்னோடு சுமந்துகொண்டே சுற்றுகிறது. வண்டி நெடுநேரம் நின்றுவிட்டால் எண்ணெய் குளிர்ந்து தடித்துவிடும். சுமந்து வந்த அழுக்கில் கனமானது மெல்ல அடியில் படியும். அந்த நிலையில் திருகைக் கழற்றினால் மேலே இருந்தது வடியும். படிந்ததில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் புது எண்ணெயை ஊற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிறோம்.

மனிதர்களுக்குள் நேரும் மனஸ்தாபங்களில், நாம் பெரும்பாலும் குளிர்ந்த எஞ்சினுக்கு ஆயில் மாற்றுகிறவர்களாகவே இருக்கிறோம்.

அண்ணன் தம்பிக்குள் ஒரு வருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் படுக்கையில் கிடந்த ஆறு மாதமும் ஒருவர் பணம் அனுப்பினார். மற்றவர் இரவெல்லாம் பக்கத்தில் விழித்திருந்தார். இருவருமே தாம் செய்ததுதான் பெரிது என்று நினைக்கிறார்கள். பெரியவர்கள் நடுவில் புகுந்து, "இப்போது ஒன்றும் பேசாதேயப்பா. கொஞ்சம் ஆறப் போடு. எல்லாம் தானே சரியாகிவிடும்" என்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு சொன்ன வார்த்தைதான். அப்படியே ஆறவும் செய்கிறது. இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். "ரசம் நன்றாயிருக்கிறது" என்று ஒருவர் சொல்ல, "ஆமாம்" என்கிறார் மற்றவர். பார்த்தவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். அப்புறம் என்றோ ஒருநாள், மனையை விற்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது, சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த ஆறு மாதமும் அப்படியே கிளம்பி வருகிறது. "அன்றைக்கே தீர்ந்த விஷயமாயிற்றே!" என்று எல்லோரும் திகைக்கிறார்கள். தீர்ந்திருந்தால் ஏன் வருகிறது? இத்தனை நாளும் அடியில் படிந்து கிடந்திருக்கிறது.

ஆறிப்போவது வேறு, அகன்றுபோவது வேறு. கோபம் தணிந்ததைப் பார்த்துவிட்டுக் குறையும் நீங்கியதாகக் கணக்கெழுதிக்கொள்வது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது.

காரைக்காலை அடுத்த விழிதியூரில் நஞ்சை உழுகிற ஒருவர் இதைக் கேட்டால் மறுக்கக்கூடும். "வாய்க்காலைக் காய்ந்து கிடக்கும்போதுதானே தூர் வாருகிறோம்? தண்ணீர் ஓடும்போதா வாருவார்கள்?" என்பார். நியாயமான கேள்வி. காவிரியின் கடைமடை அது. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்னால், கோடையிலேயே மண்ணை வாரி எடுத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காக எட்டும். ஆனால் வாய்க்காலின் வண்டல் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே மண்வெட்டி போகிறது. எஞ்சினுக்குள் மண்வெட்டி போகாது, மனத்துக்குள்ளும் போகாது. கை எட்டாத இடத்து அழுக்கை, அங்கே ஓடுகிற பொருளேதான் ஏந்திக்கொண்டு வெளியே வர வேண்டும். எதை எப்போது சுத்தம் செய்யலாம் என்பதை அந்தந்தப் பொருளின் இயல்புதான் சொல்கிறது. நம் சௌகரியத்தை அது கேட்பதில்லை.

அப்படியானால் சூட்டோடு சூடாகக் கொட்டித் தீர்த்துவிட வேண்டியதுதானா? அதுவும் கூடாது. நெடுந்தூரம் ஓடி வந்து நின்ற எஞ்சினில் எண்ணெய் ஏறக்குறையக் கொதிநீர்ச் சூட்டில் இருக்கும். அப்போது திறந்தால் கை வெந்துவிடும். கோபம் தலைக்கேறிய நேரத்தில் நியாயம் கேட்கப் போகிறவன் கதியும் அதுதான். வெதுவெதுப்புப் போதும், தெருக்கோடி வரை ஒரு சுற்றுப் போதும். பழைய கணக்கை எடுப்பதற்கு முன்னால் இருவரும் சேர்ந்து ஏதாவது ஒரு காரியம் செய்யட்டும். அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும். பழைய வீட்டுக்கு ஓடு மாற்றட்டும். உள்ளே பாசம் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, "அந்த ஆறு மாதம் நீ வரவில்லையே என்று எனக்கு வருத்தந்தான்" என்று சொன்னால், அந்த வருத்தம் வருத்தமாகவே போய்ச் சேரும். பந்தியில் பக்கத்தில் உட்கார வைப்பதைவிட இது கடினமான வேலை. அதனால்தான் எல்லோரும் பந்தியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நாடுகளுக்கும் இது பொருந்தும் என்பதற்குக் காரைக்காலே சாட்சி. பிரெஞ்சு ஆட்சி விலக வேண்டும் என்ற போராட்டத்தில் சூடு இல்லாமல் இல்லை. ஆயினும் பேச்சு அறுந்துபோகவில்லை. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கும் அதில் வழி இருந்தது. கோவாவைப் பற்றிப் பேசவே மறுத்தது போர்ச்சுகல். 1961 டிசம்பரில் படை போக வேண்டியதாயிற்று. கோவா இந்தியாவுடையது என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டு உடன்படிக்கை செய்தது 1974-இன் கடைசி நாளில். நடுவில் கழிந்தவை 13 ஆண்டுகள்.

இனி, வடித்த எண்ணெயை என்ன செய்வது? வாய்க்காலில் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது தண்ணீரில் கரையாது. மேலே படலமாய்ப் பரவி வயலுக்கும், கடைசியில் கடலுக்கும் போகும். நம் நாட்டு விதிகள் அதை அபாயகரமான கழிவுகளில் சேர்த்திருக்கின்றன. மூடியுள்ள டப்பாவில் பிடித்துவைத்து, அதைச் சேகரித்துச் சுத்திகரிக்க அனுமதி பெற்றவர்களிடம் சேர்ப்பதே முறை. உறவிலிருந்து வடித்த கசடையும் ஊர்த் திண்ணையில் கொட்டலாகாது. தம்பியிடம் சொல்ல வேண்டியதைத் தம்பியின் சம்பந்தியிடம் சொன்னால் குறை தீராது. ஊருக்கெல்லாம் அது ஓடும்.

எஞ்சினுக்கும் மனிதனுக்கும் ஓரிடத்தில் ஒப்புமை நின்றுவிடுகிறது. மூலையில் ஆறு மாதம் கிடந்த வண்டியையும் நாளைக்குக் கிளப்பிச் சூடாக்கிக்கொள்ளலாம். மனிதர் விஷயத்தில், அந்த ஒரு சுற்றுப் போய்வர இருவரும் உயிரோடிருக்க வேண்டும். அனுப்பிய பணத்துக்கு ரசீது இருக்கலாம். விழித்திருந்த இரவுகளுக்கு நினைவு இருக்கலாம். கேட்க வேண்டியவர் போய்விட்ட பிறகு அவற்றை யாரிடம் காட்டுவது?

வருகிற தீபாவளிக்குத் தம்பி வருவதாகச் செய்தி வந்திருக்கிறதா? நல்லது. ரசத்தைப் பற்றிப் பேசுங்கள். அதோடு இலையை விட்டு எழுந்துவிடாதீர்கள்.