மலையிலிருந்து நூலுக்கு, நூலிலிருந்து மலைக்கு

நூலறிவு உயிருக்கு விடுதலை தருமா, அல்லது அதுவும் ஒரு தளையாகிவிடுமா என்னும் வினாவைச் சைவ சித்தாந்தம் கூர்மையாக எழுப்பியிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரில், வேதம், சாத்திரம், புராணம் முதலிய கலைகளின் வழியே பெறும் அறிவைப் பாசஞானம் என வகுக்கிறார். சொல்லையும் கருவிகளையும் பற்றி நிற்பதால் இறைவனை எட்ட இயலாத அறிவு என்பது அதன் பொருள். அவரே ஞானத்தின் படிகளாகக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடுதல் என்னும் நான்கைக் கூறுமிடத்தில், குருவின் சொல்லைச் செவியேற்பதையே முதற்படியாக வைக்கிறார். சொல்லைக் கடக்க வேண்டியவரும் முதலில் அதற்குள் நுழைந்தாக வேண்டும் என்பதால் இதில் முரண் இல்லை. இளமையில் நூல்மீது எழும் காதலையும் இந்த முதற்படியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

இவ்வினாவை ஏட்டளவில் நிறுத்தாமல் வாழ்வோடு பொருத்திப் பார்ப்பதற்குரிய இடம் ஒன்று இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய காட்டுக்குள் உள்ளது. 2010-இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டுக் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடி, முதுவர்கள் வாழும் குடிகள் பலவற்றின் தொகுதியாகும். அங்கு இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி என்னும் முதியவர் தமது சிறு தேநீர்க் கடையிலேயே நூலகம் ஒன்றை நடத்திவந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் எழுதி வெளியுலகுக்கு அறிவித்தார். அப்போது அங்கு இருந்த நூல்கள் 160 அளவே. உறுப்பினராக ஒருமுறை 25 ரூபாயும் பின்னர் மாதந்தோறும் 2 ரூபாயும் செலுத்தினால் போதுமாயிருந்தது. எடுத்துச் செல்லப்பட்ட நூல்கள் பதிவேட்டில் ஒழுங்காகக் குறிக்கப்பட்டன. வைக்கம் முகம்மது பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ் ஆகியோரின் படைப்புகளோடு சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அங்கு இருந்தது.

இந்தக் கடைசி நூல் அங்கு இருந்தமை தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் அதன் பொருள் ஆழமானது. முதுவர்கள் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி மரபு. அவ்வழக்குகளுள் சில, அந்தப் பெயர்வைக் கண்ணகி மதுரையை எரித்த நிகழ்வோடு இணைக்கின்றன. காப்பியமோ தன் பதிகத்தில் வேறொன்றைச் சொல்கிறது: வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண் விண்ணுலகு சென்றதைக் கண்ட குன்றக் குறவர்கள் குணவாயிற் கோட்டத்தில் இருந்த இளங்கோவடிகளிடம் அதைத் தெரிவிக்க, உடனிருந்த சாத்தனார் முன்கதையை உரைக்க, அதிலிருந்து நூல் பிறந்தது. மலைவாழ் மக்களின் வாய்ச்சொல்லே காப்பியத்துக்குத் தோற்றுவாய் ஆயிற்று என்றால், பல நூற்றாண்டுகளுக்குப் பின் அந்நூல் அச்சேறி, மொழி மாறி, மலைவாழ் மக்களிடமே சென்று சேர்ந்திருக்கிறது. குமுளிக்கு அருகே இடுக்கி, தேனி மாவட்டங்களின் எல்லையில் உள்ள மங்கலதேவி கோயிலில் ஆண்டுக்கு ஒருமுறை சித்திரைப் பௌர்ணமியன்று தமிழரும் மலையாளிகளும் கண்ணகியை வழிபடுவதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், கேட்டலுக்கும் நூலுக்கும் இடையே பகை கற்பிப்பது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

அப்படியானால், முதியோர் வாயிலாகக் கண்ணகி கதையைக் கேட்டு வளரும் ஓர் இளம் வாசகருக்கு நூல் கூடுதலாக எதைத் தருகிறது? கேட்கும் கதை சொல்பவரின் வேகத்தில் நகர்கிறது. நூலோ நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும், பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்ட இடத்துக்கு மீண்டும் திரும்பவும், அவன் ஒரு கணம் தாமதித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று தனித்திருந்து வினவவும் இடந்தருகிறது. கேட்டல் சிந்தித்தலாக மாறுவது இங்கேதான். கதை சொல்பவர் எதிரில் இருக்கும்போது அவர் சினந்தால் கேட்பவரும் சினப்பர், அவர் அழுதால் கேட்பவரும் அழுவர். தனியே வாசிக்கும் பிள்ளைக்கு அந்தத் துணை இல்லாததால், தீர்ப்பைத் தானே தேட வேண்டியிருக்கிறது. அவ்வாறு தேடிப் பழகிய மனம் அண்டை வீட்டில் நிகழும் அநீதியையும் எளிதில் கடந்து செல்லாது என்று நம்ப இடமுண்டு.

நூல்கள் தரும் படிப்பினை என்றவுடன் நீதி வாக்கியங்களையே நினைக்கும் வழக்கம் பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. இளங்கோவடிகளும் அறவுரை கூறாதவர் அல்லர். அரசியலில் பிழைத்தவருக்கு அறமே கூற்றுவனாகும் என்பது உள்ளிட்ட மூன்று உண்மைகளைப் பதிகத்தில் முன்வைப்பதோடு, முப்பதாவதும் இறுதியுமான வரந்தரு காதையின் முடிவில் உலகோர்க்கு நீண்ட அறிவுரையும் வழங்குகிறார். எனினும் அந்த அறிவுரையை மட்டும் பிரித்தெடுத்துப் பாடமாக்கினால், பிற நீதி நூல்களிலும் காணக்கூடிய செய்திகளே மிஞ்சும். சிலம்பை உடைத்த பெண்ணோடும், தன் தவற்றை உணர்ந்த அக்கணமே உயிர்விட்ட மன்னனோடும் இருபத்தொன்பது காதைகளைக் கடந்து வந்தவருக்கு அதே சொற்கள் தாமே கண்டறிந்தவற்றின் உறுதியாகத் தோன்றும். ஆதலால், நூலை முடித்த பிள்ளையிடம் என்ன கற்றாய் என்று உடனே வினவும் ஆசிரியர், கேட்டலிலிருந்து தெளிதலுக்குத் தாவச் சொல்கிறார். இடையிலுள்ள சிந்தித்தலுக்குரிய காலத்தை அவர் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறார். இடமலைக்குடியின் பதிவேட்டிலோ, நூலைத் திருப்பித் தருபவர் அதிலிருந்து கற்றது என்ன என்று எழுதுவதற்கான பத்தி எதுவும் தேவைப்படவில்லை.