நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லாதவர்கள்

யாழ்ப்பாணம் மாநகர சபையின் மாதாந்தக் கூட்டத்தில் பேசப்படுபவை பெரும்பாலும் சிறிய விடயங்கள். ஓர் ஒழுங்கைக்குத் தார் போடுவது, உடைந்த மதகைத் திருத்துவது, எரியாத தெருவிளக்கு, அடைபட்ட வெள்ளவாய்க்கால், சந்தைக் கடை வாடகை, சோலைவரி நிலுவை, குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்தின் பழுது. ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கூட்டறிக்கையில் ஒரு வரி ஏறும், சபை அடுத்த விடயத்துக்குப் போகும். மேடைப் பேச்சுக்குக் கிடைக்கும் கவனம் இந்த வரிகளுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு நகரம் தன் மக்களையும் தன் அயலவரையும் எப்படி நடத்துகிறது என்பது இந்த வரிகளில்தான் முடிவாகிறது.

அந்த வரிகளுள் குப்பையைப் பற்றிய வரியை எடுத்துப் பார்ப்போம். நகரத்தின் வீடுகளிலும் கடைகளிலும் சேரும் கழிவு பல ஆண்டுகளாகக் கல்லுண்டாய்வெளிக்குப் போகிறது. கல்லுண்டாய் மாநகர எல்லைக்குள் இல்லை. வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் ஆளுகைக்குள் இருக்கிறது. வெளியின் அருகே காணியில்லாக் குடும்பங்களுக்கென்று உருவான குடியேற்றத் திட்டம் இருக்கிறது. குப்பைமேட்டில் தீப்பிடிக்கும் நாட்களில் புகை அந்த வீடுகளுக்குள்தான் போகிறது. மாரியில் மழைநீர் மேட்டைக் கழுவிக்கொண்டு தாழ்நிலத்துக்கு இறங்குகிறது. அங்குள்ள மக்கள் பலமுறை வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். ஆனால் மாநகர சபைத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. தம்மைப் பாதிக்கும் தீர்மானத்தை எடுக்கும் மண்டபத்தில் அவர்களுக்காகக் கையுயர்த்த ஓர் உறுப்பினரும் இல்லை.

இங்கே எழும் அறக்கேள்வி இதுதான்: தனக்கு வாக்களிக்காத, வரி செலுத்தாத மக்களுக்கு ஒரு சபை கடமைப்பட்டிருக்கிறதா? அப்படிக் கடமை உண்டென்றால் அது எவ்வளவு தூரம் போகும்?

சபையின் பக்கத்து நியாயத்தை முதலில் முழுமையாகக் கேட்க வேண்டும். குப்பை காத்திருக்காது. ஒரு கிழமை அள்ளாவிட்டால் ஈ மொய்க்கும், வாய்க்கால் அடைக்கும், தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். நகரத்துக்குள் வெற்றுக்காணி அரிது. போதாததற்கு, குடாநாடு முழுவதும் சுண்ணக்கல் நிலம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. பெய்யும் மழை கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கனமான உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. கிணறுகளில் ஊறுவது அதுதான். அந்தக் கல் நல்ல நீரை எவ்வளவு சுலபமாக உள்ளே விடுகிறதோ அவ்வளவு சுலபமாக அழுக்கையும் விடும். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்ததை வலிகாமம் மறக்கவில்லை. அது தொடர்பான வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. இத்தகைய நிலத்தில் குப்பைக்கு இடம் தேடுபவர், நன்னீர்க் கிணறுகள் நிறைந்த செம்மண் தோட்டத்தை விட்டு உவர்வெளியைத் தெரிவு செய்வதில் நியாயம் உண்டு. இதை எழுந்தமானமான தீர்மானம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் தேவை ஒரு செயலைத் தொடங்குவதற்குத்தான் நியாயம் தரும். அதை முடிவில்லாமல் நீட்டுவதற்குத் தராது. வேறு வழியில்லாமல் ஒருவருடைய வளவில் சுமையை இறக்கியவர் அன்றிலிருந்து அவருக்குக் கடனாளி. அந்தக் கடனை அடைக்க என்ன செய்தார் என்பதை வைத்தே அவருடைய நேர்மையை அளக்க வேண்டும். பல குப்பைமேடுகள் தற்காலிகம் என்ற பெயரோடுதான் தொடங்குகின்றன. அந்தத் தற்காலிகத்துக்கு ஒரு திகதி குறிக்கப்படாதபோது, ஒவ்வொரு மாதமும் எவரும் கையுயர்த்தாமலே அது புதுப்பிக்கப்படுகிறது.

“வெறும் உவர்நிலம்தானே” என்ற வாதத்தையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். நெல் விளையாத நிலம் பயனற்ற நிலம் ஆகிவிடாது. வலிகாமத்தின் மழைவெள்ளத்தைச் சுமந்து வரும் வழுக்கையாறு இந்தத் தாழ்நிலப் பக்கமாகவே வந்து அராலியில் கடல்நீரேரியைச் சேர்கிறது. காக்கைதீவில் மீன்பிடித்து வாழும் குடும்பங்களுக்கு அந்த ஏரிதான் வயல். அங்கே கரையும் கழிவு எந்தச் சபையின் எல்லைக் கல்லையும் பார்த்து நிற்பதில்லை. அங்கே பிடிபடும் மீன் நகரத்துச் சந்தைக்குத்தான் வருகிறது.

“குப்பைமேடு முன்பே இருந்தது, குடியிருப்புப் பிறகுதான் வந்தது” என்பது இன்னொரு வாதம். தெரிந்தே வந்தவர் முறையிடலாமா என்ற கேள்வி அதன் உள்ளே இருக்கிறது. பல இடங்களைப் பார்த்து, விலை குறைவென்று அங்கே காணி வாங்கிய வசதியானவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். காணியே இல்லாமல் நின்றவரிடம், அரசு காட்டிய ஒரே துண்டு நிலத்துக்கு வந்தவரிடம், அதைக் கேட்க முடியாது. வேறு தெரிவில்லாதவரின் வருகையைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது அறமாகாது. மேட்டை வைத்திருக்கும் சபைக்கும் வீட்டுத்திட்டத்தை அங்கே கொண்டுபோன அதிகாரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் மூன்று படிகளில் பேசுகிறது. 129ஆம் பிரிவு குப்பை அகற்றுவதைச் சபையின் கடமையாக்குகிறது. 130ஆம் பிரிவு, அகற்றிய குப்பை சபையின் சொத்து என்கிறது. 131ஆம் பிரிவு, அதைப் போடத் தகுந்த இடத்தை ஏற்பாடு செய்யவும், எவருக்கும் தொல்லை விளையாதவாறு அகற்றவும் பணிக்கிறது. அந்தத் தொல்லை நகர எல்லைக்குள் வாழ்பவருக்கு மட்டும் விளையக்கூடாது என்று அது வரையறுக்கவில்லை. சொத்துக்கு உரியவர் சபையென்றால், அந்தச் சொத்து எங்கே கிடந்து யாருக்குத் தீங்கு செய்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் சபையே.

யாழ்ப்பாணத்தாருக்கு இது அந்நியமான நியாயமும் இல்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுத்து முடிக்கப்பட்ட தேசவழமை என்ற வழமைச் சட்டம், வேலி தாண்டும் மரத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒருவருடைய வளவு மரம் வளைந்து அயல்வளவின் மேல் சாய்ந்தால், சில மரங்களில் அங்கே தொங்கும் காய்கனி அயலவருக்கு. நிழலையும் சருகையும் யார் தாங்குகிறாரோ அவருக்குப் பயனிலும் பங்கு உண்டு என்ற நீதி இதில் தெரிகிறது. நகரம் கல்லுண்டாய்க்குச் சருகை மட்டும் அனுப்புகிறது. சுத்தமான வீதி, கழுவிய சந்தை, மணமில்லாத முற்றம் ஆகிய கனிகள் எல்லாம் வேலிக்கு இந்தப் பக்கமே நிற்கின்றன.

இதே கணக்கு வேறு இடங்களில் எப்படி முடிந்தது என்பதையும் பார்க்கலாம். கொழும்பு மாநகரத்தின் குப்பை சேர்ந்த மீதொட்டமுல்ல, கொழும்பு மாநகர எல்லைக்கு வெளியே, கொலன்னாவையில் இருந்தது. அங்கிருந்தோர் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். திருவனந்தபுரம் தன் கழிவை விளப்பில்சாலைக் கிராமத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2011 டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்தே அங்கிருந்த கழிவு ஆலையைப் பூட்டியது. அதன்பின் நகரம் கழிவை வீட்டிலும் வட்டாரத்திலுமே கையாளும் வழியைத் தேடத் தொடங்கியது. முறையீடு சாவில் முடியும்வரை காத்திருந்த நகரம் ஒன்று. கதவு பூட்டப்பட்ட பிறகு தன் வீட்டைத் திருத்தத் தொடங்கிய நகரம் மற்றொன்று. இரண்டு இடத்திலும் அயலாரின் பேச்சை நேரத்தோடு கேட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

குற்றம் யாருடையது என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். வீட்டுக்காரர் வாசலில் பையை வைத்தார். தொழிலாளி ஏற்றினார். சாரதி சொன்ன இடத்தில் கொட்டினார். எழுதுவினைஞர் கோப்பை நகர்த்தினார். உறுப்பினர் வழிமொழிந்தார். ஒவ்வொருவரும் தம் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். அத்தனை ஒழுங்கும் சேர்ந்து ஒரு பிள்ளையின் இருமலில் வந்து நிற்கிறது. பொறுப்பு பலரிடம் பிரிந்திருப்பதால் அது குறைந்துவிடாது. எவருக்கு மாற்றும் அதிகாரம் கூடுதலோ அவருக்குப் பங்கும் கூடுதல். வெறுங்கையால் குப்பை தொடும் சுகாதாரத் தொழிலாளியிடம் அது மிகக் குறைவு. தீர்மானம் எடுக்கும் ஆசனத்தில் மிகக் கூடுதல்.

அந்த ஆசனத்தின் பெறுமதியை இந்த நகரம் நன்றாக அறியும். அல்பிரட் துரையப்பா 1975இலும், சரோஜினி யோகேஸ்வரனும் பொன். சிவபாலனும் 1998இல் சில மாத இடைவெளியிலும், மாநகர முதல்வராக இருந்தபோதே கொல்லப்பட்டார்கள். போர்க்காலத்தில் நீண்ட ஆண்டுகள் இங்கே தேர்தல் நடைபெறவில்லை. 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தபின் 2025 மே தேர்தல்வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றி ஆணையாளரின் நிர்வாகமே நடந்தது. தமக்காகப் பேச ஒருவரும் மண்டபத்தில் இல்லாதபோது தீர்மானங்கள் எப்படி வந்து இறங்கும் என்பதை யாழ்ப்பாண மக்கள் அனுபவித்து அறிந்தவர்கள். அந்த அனுபவம் உள்ளவர்களுக்குக் கல்லுண்டாய் மக்களின் நிலையைப் புரிந்துகொள்ளப் பிறர் விளக்கம் தேவையில்லை. கொழும்பிடம் அதிகாரப் பகிர்வு கேட்கும் நாவு, தன்னைவிடச் சிறிய அயல் சபையிடம் பேசும்போதும் அதே நீதியைச் சொல்ல வேண்டும்.

எனவே கடமை உண்டு. ஆனால் அது எல்லையற்றதும் இல்லை. எந்த ஊரும் எந்தச் சுமையையும் ஏற்க மறுத்தால் குப்பைக்கு இடமே இராது. ஓர் ஊர் ஓரளவு சுமப்பது நியாயமாகலாம். அதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும். சுமப்பவரிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். அனுப்புபவர் முதலில் தம் வீட்டில் குறைத்திருக்க வேண்டும். முடிவுத் திகதி எழுத்தில் இருக்க வேண்டும். சுமைக்கு ஈடாக நீர், மருத்துவம், வீதி எனக் கண்ணுக்குத் தெரியும் பயன் அந்த ஊருக்குப் போக வேண்டும். இந்த நான்கும் இல்லாத இடத்தில் நடப்பது பகிர்வு ஆகாது. வலியவர் மெலியவர்மேல் ஏற்றிவிடுவதுதான்.

இதில் முதல் வேலை சபைக்கு முன்பே வீட்டில் தொடங்குகிறது. மரக்கறித் தோலும் வாழையிலையும் முற்றத்துச் சருகும் உக்கும் கழிவுகள். பொலித்தீனோடு சேராவிட்டால் அவை பசளை. மா, தென்னை நிற்கும் வளவில் ஒரு குழி வெட்ட இடமுண்டு. கடைத்தெருவுக்கும் மாடிவீட்டுக்கும் வட்டாரந்தோறும் ஓர் இடம் சபை ஒதுக்கலாம். தரம் பிரிக்காத பையை வாசலில் வைப்பவர் சோலைவரி செலுத்திவிட்டதால் தம் கடமை தீர்ந்தது என்று நினைப்பது சரியாகாது. பணம் கொடுத்துத் தம் பங்கைச் சுமக்கச் சொல்லலாம். தம் தீங்கைத் தாங்கச் சொல்ல முடியாது.

இரண்டாவது வேலை சபையினுடையது. எல்லைக்கு அப்பால் விளைவு போகும் எந்த விடயத்தையும் அயல் பிரதேச சபையின் பிரதிநிதியும் பாதிக்கப்படும் மக்களும் வந்து பேசிய பின்னரே முடிவெடுப்பது என்று ஒரு விதியை இயற்றலாம். அதற்குப் பெரிய பாதீடும் வேண்டாம், கொழும்பின் அனுமதியும் வேண்டாம். கூட்டறிக்கையில் அவர்கள் சொன்னதும், சபை அதற்கு அளித்த பதிலும், செய்து முடிக்கும் திகதியும் எழுதப்பட வேண்டும். வாக்குத் தர முடியாதவரின் குரலுக்குச் செவிகொடுக்கும் சபையை, தனக்கு வாக்களித்தவரும் நம்பலாம்.