ஒன்பது தட்டு

திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு தெருவில், மாடி அறையில் என் மேசை. ஜன்னலைத் திறந்தால் மலை. புரோகிராம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கோடு எடிட்டர் ஒன்றுக்குக் கையேடு எழுதுவது என் தொழில். எந்த விசையைத் தட்டினால் திரையில் என்ன நடக்கும் என்பதை நடந்தபடியே எழுதிவைக்க வேண்டும். போன ஐப்பசியில் என் பங்குக்கு வந்தவை, எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டளைகள். ஒரு வாரத்து வேலை என்று தொடங்கினேன். கார்த்திகை தீபக் கொப்பரை மலையேறிய நாள்வரை அது என்னை விடவில்லை.

கர்சர் ஓர் எழுத்தின் மேல் நிற்பதாக நினைக்கிறோம். அது இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் நிற்கிறது. ஈமாக்ஸ் என்ற பழைய எடிட்டரின் கையேடு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஷிஃப்டை அழுத்தியபடி அம்பு விசையைத் தட்டினால் ஒரு முனை ஊன்றி நிற்கும், மறுமுனை நகரும். நடுவில் அகப்பட்டது நீலமாகும். அதுதான் தேர்வு. இரு முனையும் ஒன்றாகிவிட்டால் நீலம் மறைந்து கர்சர் மட்டும் மினுங்கும். பல எடிட்டர்களின் கணக்கில் அப்போதும் அது ஒரு தேர்வுதான். அகலம் இல்லாத தேர்வு.

தேர்வை விரிக்க ஒரு கட்டளை உண்டு. முதல் தட்டில் ஒரு சொல், அடுத்ததில் அது இருக்கும் மேற்கோள், பிறகு அடைப்புக்குறிக்குள் உள்ளது, பிறகு ஃபங்ஷன் முழுவதும், கடைசியில் கோப்பு முழுவதும். சுருக்கும் கட்டளை வந்த வழியிலேயே படிப்படியாகத் திரும்பி, கர்சரில் கொண்டுவந்து விடும்.

இதையெல்லாம் ஆங்கில வரிகளை வைத்துச் சோதித்து எழுதினேன். அம்பு ஓர் எழுத்து நகரும், பேக்ஸ்பேஸ் ஓர் எழுத்தை அழிக்கும் என்று முடித்துவிட்டேன். தமிழில் தட்டச்சு செய்கிற ஒருவர், பேக்ஸ்பேஸ் தனக்கு அப்படி நடக்கவில்லை என்று தெரிவித்தார். கைக்கு முதலில் வந்த மலையின் பெயரைத் தட்டிப் பார்த்தேன்: அருணாசலம். ஷிஃப்டும் அம்புமாக ஆறு தட்டில் பெயர் முழுவதும் நீலமானது. பேக்ஸ்பேஸ் வைத்து அழிக்க ஒன்பது தட்டு தேவைப்பட்டது.

காரணம் யூனிகோடு தமிழை வைத்திருக்கும் விதம். ‘ரு’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ‘ர’ என்று ஒன்று, உகரக் குறி என்று ஒன்று. ‘ம்’ என்பது ‘ம’வும் புள்ளியும். அம்பு இரண்டையும் சேர்த்துத் தாண்டுகிறது. பேக்ஸ்பேஸ் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது.

என் அப்பா தமிழாசிரியர். மெய் உடம்பு, உயிர் அதில் வந்து ஏறுவது என்றுதான் எங்களுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். ‘ரு’வில் உயிரை எடுத்துவிட்டால் ‘ர்’ என்ற வெற்றுடம்பு மிஞ்ச வேண்டும். திரையில் மிஞ்சியது ‘ர’. உகரம் விலகிய இடத்தில் அகரம் இருந்தது. யாரும் அதைத் தட்டிச் சேர்க்கவில்லை. அதை அடக்க வேண்டுமானால்தான் மேலே ஒரு புள்ளி வைக்க வேண்டும். உமாபதி சிவம் திருவருட்பயனைத் தொடங்கும்போதே, எழுத்துகளில் அகரம் போல இறைவன் எங்கும் நிறைந்திருப்பதைச் சொல்கிறார். அப்பா வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்ட உவமை. அது எழுத்தின் அமைப்பிலேயே இருப்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

மறுநாள் கோயிலுக்குப் போனபோது லிங்கோத்பவர் முன் வெகுநேரம் நின்றேன். கருவறைப் பின்சுவரில் பெரும்பாலான சிவன் கோயில்களில் இருக்கும் வடிவம். கதை நடந்ததாகச் சொல்லப்படுவது இந்த ஊரில். தீத்தூணாக நின்ற சிவனின் அடியைத் தேடித் திருமால் பன்றியாகிப் போகிறார், முடியைத் தேடிப் பிரம்மா அன்னமாகப் பறக்கிறார். ஒன்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு முனை வேண்டும். இரண்டும் கிடைக்காதது எந்தத் தேர்வுக்குள்ளும் வராது. திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரம்மா கண்டதாகச் சொன்னார்; வழியில் கிடைத்த தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. அதனால் சிவபூஜையில் அதைச் சேர்ப்பதில்லை. தமிழில் தட்டிப் பார்க்காமலே ‘ஓர் எழுத்து’ என்று எழுதியது நினைவுக்கு வந்தது. நான் சொன்னதும் தாழம்பூவின் சாட்சிதான்.

சாட்சி என்ற சொல் பிறகு என்னை விடவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதிவைக்கும் வேலையில், இந்த மலையில் எனக்கு முன்னோடியாக ஒருவர் இருந்திருக்கிறார். தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902இல் விருபாட்ச குகைக்கு வந்து, பேசாதிருந்த 22 வயது ரமணரிடம் ‘நான் யார்?’ என்று கேட்டார். சைகையிலும் எழுத்திலும் கிடைத்த விடைகளைக் குறித்துக்கொண்டார். 1923இல் அது அச்சானது. உடம்பு நான் அன்று, ஐம்புலன்கள் நான் அன்று என்று அதில் வரும் நீண்ட பட்டியலை ரமணர் அப்போது விரித்துச் சொல்லவில்லை. அந்த முறையில் பழக்கம் உள்ளவரானதால் பிள்ளை தம் தெளிவுக்காகச் சேர்த்துக்கொண்டார் என்று ரமணரே பின்னாளில் குறிப்பிட்டதாகச் சொல்வார்கள். பின்பு தாமே அதைக் கட்டுரையாக எழுதியபோதும் ரமணர் அந்தப் பகுதியை நீக்கிவிடவில்லை.

சொல்லாததைச் சேர்த்த பிள்ளையும் தாழம்பூவா? சில நாள் இது என்னை உறுத்தியது. இல்லை என்றே இப்போது நம்புகிறேன். பிள்ளை சேர்த்த ஒவ்வொரு படியையும் யாரும் தட்டிப் பார்க்கலாம். உடம்பு எனக்குத் தெரிகிறது. தெரிவது நீலத்துக்குள் விழுந்துவிட்டது. நீலத்தைப் போடும் முனை அதற்குள் இல்லை. எண்ணம் தெரிகிறது; அதுவும் அப்படியே. இது சுருக்கும் கட்டளை. எது நான் இல்லை என்பதற்கு மட்டுமே அந்தப் பட்டியல் சாட்சி சொல்கிறது. முடியைக் கண்டேன் என்று அது எங்கும் சொல்லவில்லை.

விரிக்கும் கட்டளையும் இந்த ஊரில் உண்டு. பௌர்ணமியில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கூட்டத்தில், முன்னே போகும் முகம் தெரியாத பாட்டியின் கால்வலி நம் வலியாகும் ஓர் இடம் வரும். அப்பா படுக்கையில் இருந்த மாதங்களில் என் ‘நான்’ அவர் கட்டில்வரை விரிந்திருந்தது. பல்வலி வந்த ஓர் இரவில் அதே ‘நான்’ ஒரு பல்லின் அளவுக்குச் சுருங்கியது. அகலம் மாறியதை நான் அறிந்தேன். அறிந்தது விரியவும் இல்லை, சுருங்கவும் இல்லை. இவ்வளவுக்குத்தான் என்னால் சாட்சி சொல்ல முடியும்.

அறிந்த அதுவும் அருணாசலமும் ஒன்றா? ஒன்று என்பது குகையின் விடை. அப்பா சைவ சித்தாந்தி; அகரம் எழுத்தை விட்டுப் பிரியாது, ஆனாலும் அகரம் வேறு, எழுத்து வேறு என்பார். இரண்டு பேரையும் நான் வணங்குகிறேன். ஆனால் அந்த முனையை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதுவதில்லை என்ற நியமத்தை என் வேலை எனக்குக் கொடுத்திருக்கிறது. பூஜையறையிலும் அது செல்லும்.

கொப்பரை ஏறிய அன்று மாலை பகுதியைத் திருத்தி எழுதினேன். அம்பு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தைத் தாண்டும். பேக்ஸ்பேஸ், கடைசியாகச் சேர்ந்த குறியை மட்டும் நீக்கும். எடுத்துக்காட்டை ஒரு முறை சரிபார்க்க அந்தப் பெயரையே மறுபடி தட்டினேன். முதல் தட்டில் புள்ளி போயிற்று. ஐந்தாவதில் ‘அருண’. ஏழாவதில் ‘அர’. எட்டாவது தட்டுக்குப் பிறகு ‘அ’ மட்டும் நின்றது.

விரலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, சோதனை முழுமையாக வேண்டுமே என்று ஒன்பதாவதையும் தட்டினேன். வெள்ளைத் திரையில் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை இருட்டிக்கொண்டு வந்தது.