வேறுபாடும் வேறாக்கலும்

உருவத்தால் ஒத்த இரண்டினை உள்ளீட்டின் வேறுபாடு கருதி வேறினங்கள் எனலாமா? இவ்வினா மெய்யியலாளருக்கு மட்டும் உரியதன்று. மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் இலைக்கன்களை இனங்காண முயலும் தாவரவியலாளரும் இதற்கு விடை கூறியாக வேண்டும்.

இலைக்கன் என்பது பங்கசும் அல்காவும் இணைந்த கூட்டுவாழ்வு. எனினும் பெயரீட்டு விதிகளின்படி அதன் பெயர் பங்கசையே சாரும். எனவே, பெயரிடுதலிலேயே மனிதத் தீர்மானம் ஒன்று கலந்துள்ளது.

1866இல் நைலாண்டர் இலைக்கனியலில் இரசாயனச் சோதனைகளைப் புகுத்தினார். இலங்கையின் தெலொதிரீமாக் குடும்பத்து இலைக்கன்களை 1981இல் மீளாய்வு செய்த மேசன் ஹேல், கனியுடல், வித்தி ஆகியவற்றின் அமைப்போடு அமிலங்களையும் கருத்திற் கொண்டார். பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஒரு துளி பட்ட இடம் மஞ்சளாகிப் பின் சிவப்பின், நோர்ஸ்ரிக்ரிக் அமிலம் உண்டென ஊகிக்கலாம். ஆனால், அத்துளி ஒரு பொருளின் இருப்பையே காட்டுகின்றது. 'இவை ஈரினங்கள்' என்று கூறுபவர் நாமே.

அவ்வாறு பிரிப்போரும் உளர். ஓரினத்தின் இரசாயன வகைகளே அவை என்போரும் உளர். பிற்காலப் பரம்பரையலகு ஆய்வுகள் சிலவிடத்து முன்னவரையும் சிலவிடத்துப் பின்னவரையும் ஆதரித்துள்ளன. காரணமின்றிப் பிரித்தால் இல்லாத எல்லையொன்று நூலேறும். ஆராயாது சேர்த்தால் அரியதோர் இனம் பெயரின்றியே காட்டோடு அழியக்கூடும்.

வேறுபாடு இயற்கையிற் காணப்படுவது. வேறாக்கல் நம்மாற் செய்யப்படுவது. ஆதலின், பிரிப்பவன் தன் அளவுகோலை வெளிப்படக் கூறவும், புதிய சான்று தோன்றுமிடத்து அதனைத் திருத்தவும் கடமைப்பட்டவனாவான். வகைப்படுத்தும் எவ்வறிவுக்கும் இதுவே அறமாகும்.