வழியில் நின்ற இயந்திரம்

ஃபார்சைட் ஸ்டுடியோஸ் உருவாக்கி 2008-இல் வெளிவந்த 'பின்பால் ஹால் ஆஃப் ஃபேம்: வில்லியம்ஸ் கலெக்‌ஷன்' வீடியோ விளையாட்டில் பின்பால் இயந்திரங்கள் ஒரு கூடத்தில் நிற்கும். 2012-இல் அதே நிறுவனம் தந்த 'தி பின்பால் ஆர்கேட்'டில் பட்டியல்தான். பெயரைத் தொட்டால் ஆட்டம் திறக்கும். பந்தின் ஓட்டத்துக்குக் கூடம் எதையும் சேர்ப்பதில்லை. ஆனாலும் எனக்குக் கூடமே வேண்டும்.

கோயிலில் பிராகாரம் சுற்றாமல் நேரே கருவறைக்குப் போனால் தரிசனம் குறையுமா என்று அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறேன். “சாமிக்கு ஒண்ணும் குறையாதுப்பா, உனக்குத்தான்” என்றார். கூடம்தான் எனக்குப் பிராகாரம்; பட்டியல் என் விருப்பத்தை மட்டுமே கேட்கிறது. விருப்பத்துக்கு வெளியே இருப்பதைச் சந்திக்காத மனம் எப்படி வணங்கும்? பேசிய முதல் பின்பால் இயந்திரமான 'கோர்கர்' (1979) நான் தேடிப் போனதல்ல. கூடத்தில் 'ஃபன்ஹவுஸ்' இயந்திரத்தை ஆடப் போகையில் வழியில் நின்றது.