தாட்சண்யமில்லாத சிரிப்பு

நாம் தாட்சண்யத்துக்காகச் செய்யும் காரியங்களில் சிரிப்பும் ஒன்று. மேலதிகாரி பலமுறை சொல்லிப் பழசாகிப்போன ஹாஸ்யத்துக்கும், சம்பந்தி பந்தியில் உதிர்க்கும் துணுக்குக்கும், மனத்தின் சம்மதத்தை எதிர்பாராமலே நம் உதடுகள் விரிந்துவிடுகின்றன. ஆகையால், ஊர் பேர் தெரியாத ஓர் இளைஞன் மேடையேறி, தனக்கு எவ்விதத்திலும் கடமைப்படாத ஜனங்களைச் சிரிக்கவைக்க முயல்வது, உலகத்தில் அபூர்வமாக நடக்கும் நேர்மையான பரீட்சைகளில் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

2005-இல் விஜய் தொலைக்காட்சி ஆரம்பித்த ‘கலக்கப் போவது யாரு’ போட்டி அந்தப் பரீட்சையை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தது. மதுரை முத்து, ரோபோ சங்கர், சிவகார்த்திகேயன் முதலியோர் அதன் வழியே பிரசித்தியடைந்ததைக் கண்டு, சிற்றூர்த் திருவிழா மேடைகளிலும் இளைஞர்கள் துணிந்து ஒலிபெருக்கியைப் பிடிக்கலானார்கள்.

ராஜபாளையத்தில் அம்மன் கோயில் பொங்கல் விழாவொன்றில், மதுரையிலிருந்து வரவேண்டிய பட்டிமன்ற நடுவர் இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூரையே தாண்டவில்லை என்று செய்தி வரவே, நூற்பாலையில் வேலை செய்யும் பையன் ஒருவனை மேடையில் ஏற்றினார்கள். நம்பியாராகவும் எம். ஆர். ராதாவாகவும் பேசினான், சபை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது. தடித்த சரீரத்தைக் கேலி செய்தான். முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சற்றுத் தடுமாறி நின்றவன், “எங்க ஊரு நாய்க்குக்கூட வம்ச சர்டிபிகேட் இருக்கு, எனக்குத்தான் தாலுகா ஆபீசுல இன்னும் சாதி சர்டிபிகேட் தரல!” என்றான். பந்தல் அதிர்ந்தது.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகைக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். எள்ளலைத் தாலுகா ஆபீசுக்குக் கொடுத்து, பேதைமையைத் தனக்கென்று வைத்துக்கொண்ட அந்தப் பாகப்பிரிவினையில்தான் அவன் வெற்றி இருந்தது. அதை அவனுக்குக் கற்பித்தது எந்த நூலுமல்ல, சற்றுமுன் தாட்சண்யமில்லாமல் மௌனம் சாதித்த அந்தச் சபையே.

பெயர் பரவிவிட்டால் அந்த உபகாரம் கிட்டாது. வாய் திறக்குமுன்பே கைதட்டல் வந்துவிடும். மேடை ஏறாத நமக்கும் இதே கதிதான்: வயதும் பதவியும் உயர உயர, நம் பேச்சு சோபிக்கவில்லை என்று காட்டிக்கொள்ளும் முகங்கள் குறைந்துகொண்டே போகின்றன. நம்மால் ஆகவேண்டிய காரியம் ஏதுமில்லாத மனிதர்கள் எதிரே அவ்வப்போது போய் நின்று பேசிப் பார்ப்பவனுக்கே, தன் சொல்லுக்குள்ள மதிப்பு இவ்வளவு, தன் பதவிக்குள்ள மதிப்பு இவ்வளவு என்று பிரித்தறிய இயலும்.