பேழைக்கு வெளியே நின்ற ஆடுகள்



விக்கிரமசிங்கபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணி அடிக்கும் முன்பே கோயில் வராந்தாவில் பாய் விரித்துவிடுவோம். நான்கு வயதிலிருந்து ஏழு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கான பாலர் வகுப்பு அது. மில் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பீடி சுற்றுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், வயல் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் வந்து உட்காருவார்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு கதை, ஒரு மனப்பாட வசனம், முடிந்ததும் கையில் ஒரு மிட்டாய். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, பெரியவர்கள் ஆராதனையில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருக்கிற ஏற்பாடு மாதிரி தெரியும். ஆனால் விசுவாசத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தப் பாயில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான்.

ஞாயிறு பள்ளி என்கிற ஏற்பாடே உழைக்கிறவர்களின் பிள்ளைகளுக்காக வந்தது. இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் பத்திரிகை நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ், 1780-ல் இதைத் தொடங்கினார். அந்த ஊர்ப் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாள் குண்டூசி செய்யும் பட்டறைகளில் வேலை பார்த்தார்கள். எழுத்துப் படிக்க அவர்களுக்குக் கிடைத்தது ஞாயிறு ஒன்றுதான். நம் ஊர்க் கதையும் ஆலையோடு சேர்ந்ததுதானே! 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணி ஆறு மலையிலிருந்து இறங்கிவரும் வேகத்தை நம்பி இங்கே பஞ்சாலை வைத்தார்கள். ஷிப்டு நேரத்தை வைத்தே வீட்டில் உலை வைத்த ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில், ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளையின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க ஒருவர் உட்கார்ந்திருப்பது சின்ன காரியமில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மலையிலும் மழை, சமவெளியிலும் மழை. ஆறு கரை கடந்து ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே காத்துக் கிடந்தார்கள். அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து, பாடப்புத்தக வரிசைப்படி எங்கள் வகுப்புக்கு நோவாவின் கதை வந்தது.

எப்போதும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை அது. சோடி சோடியாக மிருகங்கள் பேழைக்குள் போகிற படத்தைப் பிரித்தால் போதும், யானை, குரங்கு, மயில் என்று கத்த ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கு அவ்வளவு சத்தம் இல்லை. தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சிறுமி மட்டும் எழுந்து வந்து, படத்தில் பேழையை விட்டுவிட்டு, சுற்றிலும் நீலம் தீட்டியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். "வெளிய நின்ன ஆடெல்லாம் என்னாச்சுக்கா?" என்று கேட்டாள். ஏரல் பக்கத்தில் இருக்கிற அவள் அத்தை வீட்டு ஆடுகள் வெள்ளத்தில் போனதை வீட்டில் பேசக் கேட்டிருக்கிறாள். "எங்க அத்த ஆடு நல்ல ஆடுல்லா?" என்று அடுத்த கேள்வி.

எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலையே தாயி" என்றேன். அவள் முகம் வாடவில்லை. "சரிக்கா, அடுத்த வாரம் படிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து கடைசி ஜெபத்தைச் சொன்னாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பதில் கிடைக்காத கேள்வியோடு அவளால் ஜெபம் பண்ண முடிந்தது. நாம் பெரியவர்கள் என்ன செய்கிறோம்? கேட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று பயந்து கேள்வியை விழுங்கிவிடுகிறோம். இல்லையென்றால், பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு கோயில் வாசலை மிதிக்காமல் இருந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு இரண்டும் தேவைப்படவில்லை. கேட்டால் சொல்வார்கள் என்ற நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் பிள்ளைகள் கேட்பார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள்.

அந்த வாரம் முழுக்க வேதாகமத்தை ஆடுமாடுகளுக்காகவே வாசித்தேன். வெள்ளம் வடிந்ததும் வானவில்லைக் காட்டிக் கடவுள் செய்கிற உடன்படிக்கை நோவாவோடு மட்டும் செய்ததல்ல, பேழையிலிருந்து இறங்கிய அத்தனை உயிர்களோடும் செய்தது. அது ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. யோனாவின் புத்தகத்தைப் பாருங்கள். அது கடவுள் கேட்கிற ஒரு கேள்வியோடு முடிகிறது. நினிவே நகரத்தின் மேல் நான் இரக்கப்பட வேண்டாமா என்று கேட்கிற அந்தக் கேள்வியில், மனிதரோடு சேர்த்து அங்கிருந்த மிருகங்களையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். சின்ன வயதிலிருந்து வாசிக்கிற பகுதிகள்தான் இவை. அந்த ஆடுகளை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஆறு வயதுப் பிள்ளை.

அடுத்த ஞாயிறு இதை அவளிடம் சொன்னேன். வெள்ளத்தில் போன ஆடுகள் ஏன் போயின என்பதற்கு இது பதில் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். "அப்ப இயேசப்பாவுக்கு ஆட்டையும் தெரியும்லா?" என்று கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு ஜெபத்தில், அத்தைக்கு ஒரு ஆடு வேண்டும், கறுப்பு ஆடு என்று நிறமும் சொல்லிக் கேட்டாள். பெரியவர்கள் ஜெபம் உலக சமாதானம், தேச நன்மை என்று பொதுவாகப் போய்க்கொண்டிருக்கும். இவளுடையது அத்தை வீட்டுத் தொழுவத்துக்கு நேராகப் போனது. கேட்கிறவர் காது கொடுக்கிறார் என்று உறுதியாக நம்புகிறவர்களால்தான் அப்படி நிறம் சொல்லிக் கேட்க முடியும்.

சைவ மரபிலும் இந்த ஊருக்கு இதே போன்ற ஒரு பிள்ளையின் நினைவு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் விக்கிரமசிங்கபுரத்தில் முக்களாலிங்கர் என்ற சிறுவன், பள்ளிவிட்டு வரும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்து அடியார்களைக் கண்டு, வீட்டுக்கு அழைத்து வந்து அமுது படைக்கச் செய்தானாம். பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுத்து அழைக்கவில்லை. அவன் முன்னால் நடந்தான், வீடு அவன் பின்னால் வந்தது. அந்தச் சிறுவன்தான் பிறகு சிவஞான முனிவராகி, சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதினார். தடை எழுப்பி விடை சொல்லி, மறுபடியும் தடை எழுப்பி விடை சொல்லிப் போகிற உரை மரபில் வந்த பெரிய நூல் அது. கேள்விக்குப் பயந்தவர்களால் இப்படி ஒரு நூலை எழுத முடியாது.

இயேசுவிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்தபோது சீடர்கள் அதட்டினார்கள் என்று சுவிசேஷத்தில் இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் அதட்டவில்லை, முக்கியமான வேலை நடக்கிறதே என்றுதான் அதட்டியிருப்பார்கள். இயேசு கோபப்பட்டதாக மாற்கு எழுதுகிறார். அவர் கோபப்பட்ட இடங்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்று இது.

சபைகளில் அடிக்கடி ஓர் அறிவிப்பு வாசிப்பார்கள்: பாலர் வகுப்புக்கு ஆசிரியர்கள் தேவை, விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கவும். நம்மில் நிறையப் பேர், "நமக்கு அவ்வளவு வேத அறிவு இல்லையே" என்று தலையைக் குனிந்துகொள்வோம். பதில் எல்லாம் தெரிந்தவர்களை அந்தப் பிள்ளைகள் கேட்கவில்லை. அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொல்கிற ஓர் அக்கா, ஓர் அண்ணன் போதும் அவர்களுக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த அறிவிப்பு வந்தால், உங்கள் பெயரைக் கொடுங்கள்.